பெட்ரோல் முள் பாதியிலேயே நிற்கிறது. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பண்ணைக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பா ஓட்டிக்கொண்டிருந்த பழைய 100 சிசி வண்டி இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. கார்புரேட்டர் வண்டி, பத்து லிட்டர் சொச்சம் பிடிக்கிற டேங்க். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. பெட்ரோல் முள்தான் செத்துப்போய்விட்டது. நிரப்பினாலும் பாதி காட்டுகிறது, வற்றினாலும் பாதிதான்.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போகிறேன். போக வர அறுபது கிலோமீட்டர். விடியற்காலை நாலரை மணிக்கே கிளம்ப வேண்டும். போன மாதம் மட்டும் இரண்டு தடவை நடுவழியில் நின்றுவிட்டது. முதல் தடவை ஆண்டகளூர் கேட் தாண்டி ஹைவேயில். சரி, ரிசர்வுக்குத் திருப்பலாம் என்று பெட்ரோல் டேப்பைத் தொட்டால், அது ஏற்கெனவே ரிசர்வில்தான் இருக்கிறது! பெரியப்பா எந்தக் காலத்திலோ திருப்பியவர் அப்படியே விட்டிருக்கிறார். லாரிகள் உரசிக்கொண்டு போகிற ரோட்டில் இரண்டரை கிலோமீட்டர் தள்ளினேன். இரண்டாவது தடவை தப்பு என்மேல்தான். ரிசர்வில் ஓட்டிப் போய் நூறு ரூபாய்க்குப் போட்டுவிட்டு, டேப்பை மறுபடி திருப்பி வைக்க மறந்துவிட்டேன்.

நான் எப்போதும் நூறு ரூபாய்க்குத்தான் போடுவேன். கையில் காசு இருந்தால் இருநூறு. அதனால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கே பிடிபடவில்லை. மூடியைத் திறந்து செல்போன் டார்ச் அடித்தால் நடுவில் காய்ந்த தகடுதான் தெரிகிறது. காலி என்று பயந்துபோனேன். ஆனால் அதற்கப்புறமும் எழுபது கிலோமீட்டர் ஓடியது. அது எப்படி என்றும் புரியவில்லை.

தயவுசெய்து மீட்டரை மாற்று என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் செலவெல்லாம் அடுத்த மாதச் சம்பளத்தில்தான்.

டீக்கடை_சேலம்:

இதுக்கு எதுக்குத் தம்பி இவ்வளவு யோசனை? வண்டியை சென்டர் ஸ்டாண்டில் இருந்து இறக்கி இடுப்பில் சாய்த்துக்கொண்டு நாலு ஆட்டு ஆட்டு. சத்தமே வராவிட்டால் ஒன்று ஃபுல், இல்லாவிட்டால் சுத்தமாகக் காலி. சளக் சளக்கென்று அலை அடித்தால் பாதி. டேங்கின் அடியில் ஏதோ உருளுகிற மாதிரி கேட்டால் பங்க்குக்குப் போ. நாற்பது வருஷமாக எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறோம்.

பழைய_ரெப்:

ஆட்டிப் பார்ப்பது தப்பில்லை. ஆனால் அரை லிட்டர் சத்தத்துக்கும் ஒன்றரை லிட்டர் சத்தத்துக்கும் வித்தியாசம் சொல்கிற காது எனக்கு இல்லை. இருபத்தாறு வருஷம் வண்டியிலேயே பிழைத்தவன் சொல்கிறேன். மெடிக்கல் ரெப் வேலை. நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் என்று பை நிறைய சாம்பிள் மாத்திரையோடு சுற்றியிருக்கிறேன். கம்பெனி கிலோமீட்டர் கணக்கில் பெட்ரோல் காசு கொடுக்கும். அதனால் காலையும் மாலையும் வண்டி மீட்டரில் இருக்கிற எண்ணை டைரியில் எழுதியே ஆக வேண்டும். அந்த டைரிதான் கடைசியில் எனக்குப் பெட்ரோல் முள்ளாக ஆனது. அதை அப்புறம் சொல்கிறேன், முதலில் கொல்லிமலையில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

1997 என்று நினைவு. ஹீரோ ஹோண்டா சிடி 100 வைத்திருந்தேன். அந்த வண்டிக்கு ஒரு விளம்பரம் ரொம்பப் பேர்போனது: ‘ஃபில் இட், ஷட் இட், ஃபர்கெட் இட்’. நிரப்பு, மூடு, மறந்துவிடு. நான் மூன்றாவதை மட்டும் தவறாமல் செய்துகொண்டிருந்தேன்.

மாதம் ஒரு தடவை மலைமேல் இருக்கிற செம்மேடு போக வேண்டும். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அன்றைக்குச் சேந்தமங்கலத்திலேயே வண்டி திணறியது, ரிசர்வுக்குத் திருப்பிவிட்டேன். அடுத்த ஊரில் போட்டுக்கொள்ளலாம், அடுத்த ஊரில் போட்டுக்கொள்ளலாம் என்று காரவள்ளியும் தாண்டியாயிற்று. மலை ஏறுகிற வரைக்கும் வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. மத்தியானம் டாக்டர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இறங்க ஆரம்பித்துப் பதினைந்து வளைவுகூடத் தாண்டியிருக்க மாட்டேன், புக் புக் என்று நின்றது. மூடியைத் திறந்து பார்த்தால் நீங்கள் பார்த்த அதே காய்ந்த தகடு. காலி என்று முடிவு கட்டி, நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டு இறங்கினேன்.

அதை நீங்கள் யாரும் செய்ய வேண்டாம். டிரம் பிரேக் வண்டி, பின்னால் மாத்திரை மூட்டை. நாலைந்து வளைவுக்குள் கருகல் வாடை அடித்தது. பின் பிரேக் மிதிக்க மிதிக்கக் கீழே போய்க்கொண்டே இருந்தது. இன்ஜின் நின்றிருந்தாலும் இரண்டாவது கியரில் விட்டு இறங்கியிருந்தால் இன்ஜின் பிடித்திருக்கும். அந்த அறிவு அப்போது இல்லை. பயந்துபோய் ஓரத்தில் மண்மேட்டில் முட்டி நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பலாப்பழ லோடு ஏற்றிக்கொண்டு ஒரு வேன் இறங்கி வந்தது. டிரைவர் நிறுத்தி, “என்ன சார்?” என்றார். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றேன். அவர் டேங்க்கைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. “வண்டியத் திருப்பி மேட்டப் பாத்து நிறுத்துங்க” என்றார். திருப்பினேன். ஹேண்டிலைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “இப்ப உதைங்க” என்றார். நாலாவது உதையில் கிளம்பிவிட்டது! நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். “இருக்கிற கொஞ்சமும் மூக்குப் பக்கம் ஓடிப்போச்சுங்க சார். டேப்பு பின்னாடியில்ல இருக்குது” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்.

விஷயம் இவ்வளவுதான். இந்த மாதிரி வண்டிகளில் டேப் டேங்கின் அடியில், பின்பக்கம் இடது ஓரத்தில் இருக்கும். மேடு ஏறும்போது மிச்சப் பெட்ரோல் முழுக்கப் பின்னால் சரிந்து டேப்பின் வாயில் நிற்கும். இறங்கும்போது எல்லாம் முன்னால் ஓடிவிடும். அன்றைக்குக் காரவள்ளி போய்ச் சேருவதற்குள் மூன்று இடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, கார்புரேட்டர் கிண்ணம் நிறையவிட்டு, மறுபடி இறங்கினேன். பார்த்தவர்கள் இவனுக்கு மேலே போக வேண்டுமா கீழே போக வேண்டுமா என்று குழம்பியிருப்பார்கள்.

இப்போது உங்கள் எழுபது கிலோமீட்டர் சந்தேகத்துக்கு வருகிறேன். டேங்க் என்பது தட்டையான டப்பா இல்லை தம்பி. வண்டியின் ஃபிரேம் குழாய் நடுவில் போவதால், கழுதை முதுகில் பொதி போட்டது போல டேங்க் இரண்டு பக்கமும் தொங்கும். மூடி இருப்பது நடு முதுகுக்கு மேலே. டார்ச் அடித்தால் அந்த முதுகுத் தகடுதான் கண்ணில் படும். அது காய்ந்திருந்தாலும் இரண்டு பொதியிலும் சேர்த்து ஒன்றரை, இரண்டு லிட்டர் கிடக்கலாம். அதனால்தான் ஓடியது.

இன்னொன்று. டேப் இருப்பது இடது பொதியில். வலது பொதியின் அடியில் கிடப்பது முதுகைத் தாண்டி இந்தப் பக்கம் வராது. சுத்தமாக நின்றுபோனால் வண்டியை இடது பக்கம் நன்றாகப் படுக்கிற மாதிரி சாய்த்துப் பத்து எண்ணுங்கள். வலது பக்கத்தில் இருப்பது வழிந்து வரும். சைடு ஸ்டாண்ட் சாய்வு போதாது. அப்படி வழிந்து வருவது பங்க் வரைக்கும் போகக் காணும்.

ரிசர்வ் என்றால் தனியாக ஒரு குட்டி டேங்க் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. டேப்புக்கு மேலே டேங்குக்குள் ஒரு சின்னக் குழாய் நிமிர்ந்து நிற்கும். ‘ஆன்’ வைத்தால் அந்தக் குழாயின் நுனி வழியாகப் பெட்ரோல் இறங்கும். பெட்ரோல் மட்டம் நுனிக்குக் கீழே போனதும் நின்றுவிடும். ‘ரிசர்வ்’ வைத்தால் அடியில் இருக்கிற ஓட்டை வழியாக இறங்கும். உங்கள் பெரியப்பா வண்டி எப்போதும் ரிசர்வில் இருந்ததால், அது நிற்கும்போது அடிமட்டம் வரை குடித்து முடித்துவிட்டு நின்றிருக்கிறது.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். டேங்கில் கொஞ்சமாகப் பெட்ரோல் இருக்கிற நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டவெளியில், இன்ஜின் ஆறிய பிறகு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பக்கத்தில் அடுப்பு, சாமி விளக்கு, பீடி எதுவும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய்ப் பத்தடி தள்ளி இருக்கிற நெருப்பையும் பிடிக்கும். கார்புரேட்டர் பக்கத்தில் டியூபைக் கழற்றி ஒரு கேனுக்குள் விடுங்கள். டேப்பை ‘ஆன்’ வைத்து, சொட்டு நிற்கிற வரைக்கும் விடுங்கள். நின்ற பிறகு கேனை எடுத்துவிட்டு, அளவு போட்ட வேறு கேன் வைத்து ‘ரிசர்வ்’ திருப்புங்கள். இப்போது விழுவதுதான் உங்கள் ரிசர்வ். அதுவும் நின்ற பிறகு இடது பக்கம் சாய்த்துப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் வரும். இந்த இரண்டு அளவையும் டைரியில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே மாடல் வண்டியாக இருந்தாலும் டேப் மாற்றியிருந்தால் இந்த அளவு மாறும். புத்தகத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

டேங்க் காலியாக இருக்கும்போதே அளவுக் குச்சியும் செய்துவிடலாம். எடுத்த பெட்ரோலை அரை அரை லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் குச்சியை விட்டு எடுத்துக் கோடு போடுங்கள். குச்சியை நேராக விட்டால் முதுகில் முட்டி நின்றுவிடும், சரித்து இடது பொதிக்குள் விட வேண்டும். நான் முதலில் தென்னை ஈர்க்கில் செய்தேன். அதில் ஈரம் தெரியவில்லை, பெட்ரோல் கண் இமைப்பதற்குள் காய்ந்துவிடும். மூங்கில் சீவல் நல்லது, நனைந்த இடம் கறுப்பாகக் காட்டும். எடுத்ததும் உடனே பார்க்க வேண்டும்.

கடைசியாக டைரி. நிரப்புகிற நாளில் மீட்டர் எண்ணை எழுதுங்கள். இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதே பங்க்கில், அதே மட்டத்துக்கு நிரப்புங்கள். எத்தனை லிட்டர் பிடித்ததோ அதால் ஓடிய தூரத்தை வகுத்தால் உங்கள் மைலேஜ். இரண்டு மூன்று தடவை செய்தால் நிலையான எண் கிடைத்துவிடும். மூடி வரை தளும்ப நிரப்பச் சொல்லாதீர்கள். பத்து லிட்டர் பெட்ரோல் இருபது டிகிரி சூடேறினால் சுமார் 200 மில்லி விரியும். சித்திரை வெயிலில் அது மூடி வழியாகக் கசிந்து பெயின்ட்டைத் தின்னும்.

நூறு ரூபாய் கணக்கை விட்டுவிடுங்கள் தம்பி. லிட்டர் சொல்லிப் போடுங்கள்.

பட்டறை_திருச்செங்கோடு:

ரெப் சார் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. பட்டறைக்கு வருகிற வண்டிகளை வைத்து இரண்டு மூன்று விஷயம் சேர்க்கிறேன்.

பெட்ரோல் இருந்தும் நிற்கிற வண்டி நிறைய வருகிறது. டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. தூசி அடைத்துக்கொண்டால் உள்ளே காற்று போகாது, பெட்ரோல் இறங்காது. பத்து கிலோமீட்டர் ஓடி நிற்கும். மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று ஒரு சத்தம், அப்புறம் வண்டி கிளம்பிவிடும். திறந்து பார்த்ததால்தான் கிளம்பியது என்பது தெரியாமல், ‘ஆட்டினேன், சரியாயிற்று’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் மூடியைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் போடுகிற கணக்கெல்லாம் தப்பாகத்தான் வரும்.

எப்போதும் ‘ஆன்’ பக்கமே ஓட்டி ரிசர்வைத் தொடாமலே இருப்பவர்களுக்கு வேறு தொல்லை. அடியில் தண்ணீரும் துருவும் தங்கும். அவசரத்துக்குத் திருப்பினால் ஒன்றும் இறங்காது, இல்லாவிட்டால் இறங்குவது முழுக்கத் தண்ணீராக இருக்கும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, எத்தனால் தண்ணீரை இழுக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது வேண்டுமென்றே ரிசர்வில் பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். டேப்புக்கு அடியில் கிண்ணம் இருந்தால் கழற்றிக் கழுவுங்கள்.

முள் விஷயம். டேங்குக்குள் ஒரு மிதவை, ஒரு கம்பி, கம்பி நகர நகர மாறுகிற ஒரு ரெசிஸ்டன்ஸ், அவ்வளவுதான். மிதவை ஓட்டையானால் உள்ளே பெட்ரோல் புகுந்து மூழ்கிவிடும், எப்போதும் காலி காட்டும். பாதியிலேயே நிற்கிறது என்றால் கம்பி துருவில் சிக்கியிருக்கலாம். சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு டேங்குக்கு அடியில் அந்த ஒயர் கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள். முள் அசைந்து ஏதாவது ஒரு ஓரத்துக்குப் போனால் மீட்டர் நல்லது, மிதவை பக்கம்தான் கோளாறு. மீட்டரையே மாற்றச் சொல்லி யாராவது காசு கேட்டால் அதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். டேங்க்கைக் காலி செய்கிற அந்த ஞாயிற்றுக்கிழமையே மிதவையையும் கழற்றிப் பார்த்துவிடலாம், வேலை மிச்சம். வாஷர் மட்டும் புதுசு போடுங்கள், பழையது கசியும்.

செவிலி_அக்கா:

நான் கிராம சுகாதார செவிலியர். ஸ்கூட்டரில்தான் ஊர் ஊராகப் போகிறேன். ஸ்கூட்டரில் டேப்பும் கிடையாது, ரிசர்வும் கிடையாது, டேங்க் எங்கேயோ உள்ளே இருக்கிறது. ஆட்டியெல்லாம் பார்க்க என்னால் ஆகாது.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு தடவை கேஸ் சிலிண்டருக்குச் செய்கிற மாதிரி ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னார். சிலிண்டருக்கு அது சரிதான், கேஸ் இருக்கிற மட்டம் வரைக்கும் ஈரம் மெதுவாகக் காயும். ஸ்கூட்டரில் எதைத் துடைப்பது? பிளாஸ்டிக்கையா?

நான் செய்வது ஒன்றுதான். சீட்டைத் தூக்கினால் உள்பக்கம் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒரு துண்டு ஒட்டி வைத்திருக்கிறேன். ஃபுல் டேங்க் போடுகிற அன்று அதில் கிலோமீட்டர் எழுதிவிடுவேன். அடுத்த தடவை பழசைக் கிழித்துவிட்டுப் புதுசு. முள்ளைப் பார்ப்பதாக இருந்தால் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் ஒரு கதை, நேராக நிறுத்திப் பார்த்தால் ஒரு கதை. ஓட்டும்போது பள்ளத்தில் ஒன்று, மேட்டில் ஒன்று. என் வண்டியில் ஃபுல்லில் இருந்து பாதிக்கு வர ரொம்ப நாள் ஆகும், பாதியிலிருந்து சிவப்புக்கு ஓடியே வந்துவிடும். சம்பளம் மாதிரிதான்.

ஓசூர்_ஐடி:

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்தக் காலி செய்கிற, ரிசர்வ் வரைக்கும் ஓட்டிப் பார்க்கிற வேலையெல்லாம் கார்புரேட்டர் வண்டிக்கு மட்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கி இருக்கும், அதைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான். வறட்சியாக ஓடவிட்டால் பம்ப் கெட்டுப்போகும். பெட்ரோல் மீட்டரில் கடைசிக் கட்டம் மினுக்க ஆரம்பித்ததும் போட்டுவிடுவது நல்லது. இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டுகிற எண்ணை மலையில் நம்ப வேண்டாம். அது இதுவரை ஓட்டிய மைலேஜை வைத்துப் போடுகிற கணக்கு, எதிரே மலை வருவது அதற்குத் தெரியாது.

புல்லட்காரர்களுக்கு இதெல்லாம் பழகியது. கிளாசிக் 350-க்கே 2021 மாடலில்தான் பெட்ரோல் மீட்டர் வந்தது. அதுவரை எல்லோரும் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தவர்கள்தான்.

ரெப் சாரின் பழைய டைரி எண் இப்போது ஒத்துவராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற சக்தி பெட்ரோலைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருபது சதவீதம் கலந்தால் மொத்தத்தில் ஆறேழு சதவீதம் குறையும். அறுபது கொடுத்த வண்டி ஐம்பத்தாறு கொடுக்கும். புதுசாகத்தான் அளந்தாக வேண்டும்.

பண்ணைக்காரன்:

மன்னிக்கவும், பதில் எழுதப் பத்துப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, வீட்டுக்குப் பின்னால் களத்தில் வைத்து டேங்க்கைக் காலி செய்தேன். அம்மா அடுப்புப் பற்றவைக்காமல் காத்துக்கொண்டிருந்தார்கள், காபி எட்டரைக்குத்தான் கிடைத்தது. ‘ஆன்’ நின்ற பிறகு ரிசர்வில் விழுந்தது ஒரு லிட்டர் 100 மில்லி. இடது பக்கம் சாய்த்ததும் இன்னும் 200 மில்லி வந்தது, துருவோடு. மறுபடி ஊற்றும்போது டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே ஊற்றினேன். இரண்டே கால் லிட்டர் ஊற்றுகிற வரைக்கும் நடுத்தகடு மூழ்கவே இல்லை! அன்றைக்கு எழுபது கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்துவிட்டது.

பட்டறை அண்ணன் சொன்னபடி கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தேன், முள் காலிப் பக்கம் போய்விட்டது. மிதவையைக் கழற்றினால் கம்பி துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்து புது வாஷர் போட்டு மாட்டினேன். முள் இப்போது அசைகிறது, ஆனால் குடிகாரன் மாதிரி. அது கிடக்கட்டும்.

மைலேஜ் ஒரு தடவைதான் பார்க்க முடிந்தது. 306 கிலோமீட்டருக்கு 5.6 லிட்டர் பிடித்தது. ஐம்பத்து நாலரைக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. அப்படியென்றால் ரிசர்வில் மட்டும் அறுபது கிலோமீட்டர், பண்ணைக்குப் போய் வருகிற தூரம் சரியாக.

ஒரே ஒரு கஷ்டம் ரெப் ஐயா. மைலேஜ் பார்ப்பதற்காக ஒரு தடவை நண்பனிடம் கைமாற்று வாங்கித்தான் ஃபுல் டேங்க் போட்டேன். மாதா மாதம் ஒரே தடவையில் ஆயிரம் ரூபாய்க்குப் போட என்னால் முடியாது. ஐந்நூறு வேண்டுமானால் போடலாம். ஃபுல் டேங்க் போடாவிட்டால் கணக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

பழைய_ரெப்:

அருமை தம்பி. அம்மாவுக்கு ஒரு காபி கடன்.

நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கணக்கு ஆரம்பிக்க ஃபுல் டேங்க் தேவையே இல்லை. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று சந்தேகமில்லாமல் தெரிகிற ஒரு நேரம் இருந்தால் போதும். நிரப்பின நேரம் அப்படி ஒன்று. இன்னொன்று, ‘ஆன்’ பக்கம் ஓடி வண்டி திணறுகிற அந்த நொடி. அந்த நொடியில் உங்கள் டேங்கில் டேப்புக்கு எட்டுகிறது 1,100 மில்லி. சமதரையில் அது பெரிதாக மாறாது. மேட்டில் கொஞ்சம் தாமதமாகத் திணறும், இறக்கத்தில் சீக்கிரம் திணறும், அவ்வளவுதான்.

எங்களுக்கும் அப்போது மாதக் கடைசியில் ஃபுல் டேங்க் எல்லாம் ஏது? நான் செய்தது இதுதான். வண்டி திணறியதும் ரிசர்வுக்குத் திருப்பி, நேராகப் பங்க்குக்குப் போவேன். ஐந்து லிட்டர் என்று சொல்லிப் போடுவேன். பங்க்கில் இருக்கும்போதே, மூடியைப் பூட்டுவதற்கு முன்னால், டேப்பை ‘ஆன்’ பக்கம் திருப்பிவிடுவேன். பணம் கொடுத்த பிறகு என்று வைத்துக்கொண்டால் சில்லறை வாங்குகிற மும்முரத்தில் மறந்துபோகும். உங்களுக்கு நடந்தது அதுதான். அப்புறம் மீட்டர் எண்ணை எழுதுவேன், அதை வண்டி திணறிய இடத்தில் இருந்து கணக்கு வைப்பேன்.

உங்கள் வண்டிக்கு ஐந்து லிட்டருக்கு 270 கிலோமீட்டர். நாலரை நாள். வண்டி திணறிய இடத்திலிருந்து பங்க் வரைக்கும் ஓட்டியது போக மிச்சம். திங்கள் காலை ஆரம்பித்தால் வெள்ளிக்கிழமை பண்ணையை எட்டும் நேரத்துக்கு வண்டி திணறும், ரிசர்வில் வீட்டுக்கு வந்துவிடலாம். வெள்ளிக்கிழமை புதன்கிழமையாக மாறினால் எங்கேயோ கசிகிறது, இல்லாவிட்டால் பங்க்கில் அளவு குறைகிறது. சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவுக் குடுவையில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், எல்லாப் பங்க்கிலும் முத்திரை வைத்த குடுவை வைத்திருக்க வேண்டும்.

கொல்லிமலைக்குப் போகிற அன்றைக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். சேந்தமங்கலத்திலேயே போட்டுவிடுங்கள்.

பண்ணைக்காரன்:

சரிங்க ஐயா. இன்றைக்குக் காலை புதுச்சத்திரம் தாண்டி வண்டி திணறியது, திருப்பினேன். ஐந்து லிட்டர் போட்டேன். பங்க் பையன் மூடியைத் திறக்கும்போதே டேப்பை ‘ஆன்’ பக்கம் திருப்பிவிட்டேன். கிலோமீட்டரைக் கையில் எழுதியிருக்கிறேன், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும்.